பூனைக்கு மட்டும் ஏன் பட்டி இல்லை?



உழவுப் பத்திரிகையில் பூனையைப் பற்றி எழுத என்ன இருக்கு என்று நினைப்பீர்கள். இருக்குதுங்க. போன சம்பா அறுவடைக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் வீட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாலு வருசமா எங்க வீட்ல ஒரு வரிப்பூனை இருந்தது. ராத்திரி சோற்றைத் தின்றுவிட்டு வெளியே போனால் விடியற்காலையில்தான் திரும்பும். ஒருநாள் காலையில் வந்து திண்ணை ஓரமாகச் சுருண்டு படுத்தது. சோறு எடுக்கவில்லை. ஈறு வெளுத்துக் கிடந்தது, மூக்கில் ரத்தம் கசிந்தது. சாக்கில் சுற்றி மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். டாக்டர் பார்த்த உடனே, "அக்கம்பக்கத்து வயல்ல எலி மருந்து வெச்சிருக்காங்களா?" என்றுதான் கேட்டார். வைத்திருந்தார்கள். எங்கள் வயலுக்கு மூன்று வயல் தள்ளி, வரப்பு நெடுக. ஊசி போட்டும் அன்று ராத்திரி தாண்டவில்லை. என் பேத்தி ரெண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடலை.

முதலில் அந்த வயல்காரர் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்தேன். அவர் வைத்தது எலிக்கு. பூனையை அவர் வயலுக்கு அனுப்பியது யார்? நான்தானே? ஒரு சொட்டு மருந்து படாமல் என் நிலத்தைப் பத்து வருசமா காப்பாற்றி வருகிறேன். என் பூனையை மட்டும் தினமும் விஷக்காட்டுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

அந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் ஆபத்து புரியும். புரோமோடையலான் என்கிற மருந்து ரத்தத்தை உறையவிடாது. தின்ற எலி உடனே சாகாது, சில நாள் தள்ளாடிக்கொண்டு திரியும். தள்ளாடுகிற எலி பூனைக்கும் கூகைக்கும் சுலபமான இரை. எலியின் ஈரலில் தங்கிய விஷம் தின்றவற்றுக்கும் போய்ச் சேரும். ஜிங்க் பாஸ்பைடு என்ற கறுப்புப் பொடி வேறு வகை. வயிற்று அமிலம் பட்டதும் நச்சு வாயுவாக மாறும். செத்த எலியின் வயிற்றில் மீதி கிடக்கும் பொடியும் பூனைக்கு ஆபத்துதான்.

விஷம் மட்டுமா? கைப்பிடிச் சுவர் இல்லாத தரைக்கிணறு இருக்கு. ராத்திரி ரோட்டில் விரட்டிக்கொண்டு வரும் வண்டி இருக்கு. கூட்டமாகத் திரியும் தெருநாய் இருக்கு. வைக்கோல் போரில் சுருண்டு கிடக்கும் விரியன் இருக்கு. இவ்வளவுக்கும் நடுவில் விட்டுவிட்டு, "பூனைக்கு ஒம்பது உசுரு" என்று பேசிக்கொண்டிருக்கிறோம். இருப்பது ஒன்றுதான்.

இது பூனைக்கு வரும் கேடு. பூனையால் நம் வயலுக்கு வரும் கேடு இன்னொன்று.

பூச்சிக்கொல்லியை நாம் ஏன் விட்டோம்? கெட்ட பூச்சியோடு நல்ல பூச்சியையும் சேர்த்துக் கொல்கிறது என்பதால்தான். வெளியே திரியும் பூனையும் அதே மாதிரி ஆள் பார்க்காமல் அடிக்கும். அந்தப் பூனை இருந்தபோது கொல்லைப்புறம் கொண்டுவந்து போட்டதை என் மகள் ஒரு மாதம் கவனித்தாள். எலியும் சுண்டெலியும் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் ஓணான், அரணை, தவளை, தவிட்டுக்குருவி, தையல்சிட்டுக் குஞ்சு எல்லாம் சேர்த்தால் எலியைவிட அதிகம். இவையெல்லாம் யார்? காலையிலிருந்து நம் வயலில் கூலி வாங்காமல் புழுவும் பூச்சியும் பொறுக்கும் ஆட்கள். கரிச்சான் வந்து உட்காரட்டும் என்று வயலில் பறவைத் தாங்கி நட்டுவிட்டு, வரப்பில் பூனையை உலவ விட்டால் அதில் என்ன அர்த்தம்?

அமெரிக்காவில் இதைக் கணக்குப் போட்டே பார்த்திருக்கிறார்கள். அங்கே பூனைகள் ஆண்டுக்கு 130 கோடியிலிருந்து 400 கோடி பறவைகள் வரை கொல்கின்றன என்று 2013இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அதில் பெரும்பங்கு வளர்ப்பவர் இல்லாத பூனைகளுடையது. அந்தப் பூனைகள் வானத்திலிருந்து குதிக்கவில்லை. யாரோ வளர்த்து, குட்டி போட விட்டு, கைவிட்ட பூனைகளின் வம்சம்தான் அது. நம் ஊரில் குட்டிகளைச் சாக்கில் கட்டிக் கடைத்தெரு ஓரம் விட்டுவிட்டு வருவதும் அதே கதைதான்.

"அதெல்லாம் சரிங்க, பூனை இல்லன்னா எலியை யார் பிடிப்பா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சுண்டெலியைப் பூனை பிடிக்கும். ஆனால் வளர்ந்த பெருச்சாளி எதிரே வந்தால் நம்ம வீட்டுப் பூனை என்ன செய்யும் என்று ஒருநாள் பாருங்கள். ஒதுங்கி வழிவிடும். நியூயார்க்கில் பெரிய எலிகள் நிறைந்த ஒரு கழிவு மறுசுழற்சி நிலையத்தில் 79 நாள் கேமரா வைத்துப் பார்த்தார்கள். அங்கே திரிந்த பூனைகள் கொன்றது மொத்தம் இரண்டே எலி. எலிகள் பூனையைக் கண்டு ஒளிந்துகொண்டன, அவ்வளவுதான். 2018இல் அந்த ஆய்வு வெளிவந்தது.

வயல் எலிக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். கூகை இருக்கு, சாரைப்பாம்பு இருக்கு, கரும்புக்காட்டில் காட்டுப்பூனை இருக்கு. நம் வீட்டுப் பூனை அவற்றோடு இரைக்குப் போட்டி போடும், காட்டுப்பூனைக்கு நோயையும் ஒட்டிவிடும். வரப்பை அகலமாகப் போடாமல் சின்னதாக வைத்தால் எலி வளை தோண்ட இடம் குறையும். தஞ்சாவூர் கிட்டி வைக்கலாம். அதையும் ஒருத்தர் மட்டும் வைத்தால் எலி அடுத்த வயலுக்குப் போய்விட்டுத் திரும்பி வரும். பாசனப் பகுதி முழுக்க ஒரே வாரத்தில் சேர்ந்து செய்ய வேண்டும். அப்படிச் சேர்ந்தால் பக்கத்து வயல்காரருக்கும் மருந்து வைக்கத் தேவை இருக்காது.

பூனைக்கு வேலையே இல்லையா என்றால், இருக்கு. விதை நெல் கோட்டை கட்டி வைத்திருக்கும் அறை, பத்தாயம், தானிய மூட்டை இருக்கும் இடம். அங்கே வருவது பெரும்பாலும் சுண்டெலி. பூனையின் வாடை இருந்தாலே அது தயங்கும். பூனைக்கு ஏற்ற இடம் அதுதான், வரப்பு இல்லை.

அடுத்து நோய். வெறிநோய் நாய்க்கு மட்டும் வருவதில்லை. வெறிபிடித்த நாய் கடித்த பூனைக்கும் வரும், அந்தப் பூனை கடித்தால் மனிதருக்கும் வரும். "பூனைதானே கீறிச்சு" என்று மஞ்சள் பூசி விட்டுவிடுகிறோம். அது உயிரோடு விளையாடுவது. பூனை கடித்தாலும் கீறினாலும் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஊசி இலவசம்தான்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. எலியையும் பறவையையும் பச்சையாகத் தின்னும் பூனையின் கழிவில் டாக்சோபிளாஸ்மா என்ற கிருமி வரலாம். ஈர மண்ணில் அது பல மாதம் உயிரோடு கிடக்கும். தீவனத்தில் கலந்தால் சினை ஆடு கன்று வீசும். கர்ப்பிணி உடலில் புதிதாகத் தொற்றினால் வயிற்றுக் குழந்தைக்கு ஆபத்து. பூனையைத் தொட்டாலே வந்துவிடாது. கழிவு பட்ட மண், கழுவாத கீரை, அரைவேக்காட்டு இறைச்சி வழியாகத்தான் வரும். நாம் வெறுங்கையால் மண்ணைத் தொட்டு வேலை செய்கிறவர்கள், பச்சைக் கீரையை வீடு வீடாகக் கொடுக்கிறவர்கள். காய்கறிப் பாத்தியைப் பூனை கக்கூஸ் ஆக்குவதை நாம் எப்படிச் சும்மா விடலாம்?

"சுதந்திரமாத் திரியிற உயிரை அடைக்கிறது பாவம் இல்லையா?" என்று என் வீட்டம்மாவே கேட்டார். நான் திருப்பிக் கேட்டேன்: பொழுது சாய்ந்தால் கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்க்கிறோம். ஆட்டைப் பட்டியில் அடைக்கிறோம். மாட்டைக் கொட்டகையில் கட்டுகிறோம். நரிக்கும் திருடனுக்கும் பயந்து செய்கிறோம், அது பாசம் என்கிறோம். பூனைக்கு மட்டும் ஏன் பட்டி இல்லை? அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் அதற்கு முன்னால் தெரியாது.

இப்போது எங்கள் வீட்டில் இன்னொரு பூனை இருக்கு. பேத்தி கொண்டு வந்தது. இந்தத் தடவை இப்படிச் செய்கிறோம்.

சாயந்தரம் ஆறு மணிக்குச் சாப்பாடு. சாப்பிட வந்ததும் பத்தாய அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிடுகிறோம். முதல் பத்து நாள் கத்தித் தீர்த்தது, இப்போது மணி ஆறானால் தானே வந்து நிற்கிறது. பகலில் வீட்டுக்குள்ளும், வலை அடித்த பின்கட்டிலும் இருக்கும்.

வெறும் பால் சோறு போடுவதில்லை. பூனைக்கு மாமிசம் கட்டாயம், அதில் உள்ள சத்து இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். மீன் தலையை வேகவைத்து முள் எடுத்துப் போடுகிறோம். "வயிறு நிறைஞ்சா எலி பிடிக்காது" என்று பட்டினி போடுவது தப்பு. பசித்த பூனை இன்னும் தூரம் போகும். மாமிசம் மிகுந்த உணவு கொடுத்தால் பூனை வீட்டுக்குக் கொண்டுவரும் இரை 36 சதவீதம் குறைந்தது என்றும், தினம் ஐந்து பத்து நிமிடம் விளையாட்டுக் காட்டினால் 25 சதவீதம் குறைந்தது என்றும் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகம் 2021இல் கண்டறிந்தது. மணி கட்டியதில் சொல்லும்படியான பலன் இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆக, பூனைக்கு யார் மணி கட்டுவது என்ற பழைய கவலையை விட்டுவிடலாம்.

கழிவுக்கு ஒரு மண் தொட்டி. தினமும் அள்ளி, தோட்டத்துக்கும் கிணற்றுக்கும் தள்ளி ஆழமாகப் புதைக்கிறோம். மட்கு உரக் குழியில் போடுவதில்லை. மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்று, வருசா வருசம் போட வேண்டும். ஆறு மாதம் ஆனதும் கருத்தடையும் செய்தாயிற்று. இல்லாவிட்டால் அடிக்கடி யார் வீட்டு வாசலில் குட்டியை விடுவது என்று சாக்கைத் தேடிக்கொண்டிருப்போம்.

இதில் பெரிய செலவு எதுவும் இல்லை. சாயந்தரம் ஒரு கதவைச் சாத்த வேண்டும், அவ்வளவுதான். நேற்றுக் காலை பின்கட்டு எலுமிச்சையில் தையல்சிட்டு இலையைத் தைத்துக்கொண்டிருந்தது. பூனை வலைக்கு உள்ளே உட்கார்ந்து வாலை ஆட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தது. ரெண்டும் உயிரோடு இருக்கு. உங்கள் வீட்டுப் பூனை இன்று ராத்திரி எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் படுங்கள்.