குருதியின் மேல் ஏற்றப்படும் பழி

இலங்கையின் அட்டன், நுவரெலியாத் தேயிலைத் தோட்டங்களில் சாராயமும் சட்டவிரோத வடிசாராயமான கசிப்பும் ஓயாததற்குத் தொழிலாளரின் பரம்பரையே காரணம் என வாதிடுவோர், இப்போது மரபணுவியலையும் சாட்சிக்கு அழைக்கின்றனர். இரட்டையர் ஆய்வுகள் மதுவுக்கு அடிமையாவதில் மரபின் பங்கைச் சுமார் பாதி என்றும், கொக்கேயினில் அதைவிடக் கூடுதல் என்றும் மதிப்பிடுவது மெய்யே. ஆனால் மரபுவழிப் பங்கு எனப்படும் அந்த அளவு ஒரு மக்கள்தொகைக்குள் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டையே குறிப்பதால், ஒரு சமூகம் மற்றொன்றைவிட ஏன் அதிகம் குடிக்கிறது என்ற கேள்விக்கு அது விடையாகாது.

மரபுக்கு அப்பால் மன அழுத்தமும் போதைக்கு வழிகோலுகிறது: அட்ரினல் சுரப்பி அகற்றப்பட்ட எலிகள் கொக்கேயினைத் தாமே செலுத்திக்கொள்ளப் பழகவில்லை என்று 1990களின் ஆய்வுகள் காட்டின. அச்சுரப்பியின் மன அழுத்த ஹோர்மோன், அதாவது மனிதரில் கோர்ட்டிசோல், போதையை இன்பமாக உணர்த்தும் டோபமைன் வழித்தடத்தின் கூருணர்வை மிகுவிக்கிறது. அத்தகைய அழுத்தத்தை வளர்க்கும் நெருக்கடியான லயன் அறை, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் பறித்த உரிமை, நாட்கூலி 1000 ரூபாயாவதற்கு 2021 வரை போராட வேண்டியிருந்த நிலை ஆகியவற்றை ஒதுக்கிவிட்டுக் குருதியை மட்டும் சோதிப்பது விசித்திரமான விஞ்ஞானம்.

ஹோர்மோனை மட்டும் குற்றவாளியாக்குவதும் பிழையே. அதே லயத்தில், அதே மரபோடு, கொழுந்துக் கூடையையும் வீட்டு அடுப்பையும் சேர்த்துச் சுமக்கும் பெண்கள் ஆண்களைவிட மிகக் குறைவாகவே குடிக்கின்றனர்; அவர்களின் அழுத்தம் குறைவென்று எவரும் சொல்லத் துணியமாட்டார். வழக்கம் யாருக்குக் குடியை அனுமதிக்கிறது, கூலிக் காசு யார் கையில் தங்குகிறது, தவறணை எவ்வளவு அருகில் இருக்கிறது என்ற கேள்விகளைப் பரம்பரை வாதம் தொடுவதேயில்லை.