தட்டில் செத்த கிருமி உடம்பில் சாகுமா?

‘எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் அடங்காத கிருமியைக் கொன்றது நம்ம ஊர் மூலிகை’ - ஒரகடம் ஷிஃப்ட் பஸ்ஸில் போனைத் திறந்தால் இப்படி ஒரு ஃபார்வர்டு கண்ணில் படும். பெரும்பாலும் அது பொய்யில்லை. எங்கே கொன்றது என்பதுதான் கேள்வி.

கல்லூரி ஆய்வகத்தில் இலையைக் காயவைத்துப் பொடித்து, எத்தனாலில் ஊறவைத்துச் சாறு எடுப்பார்கள். அகார் தட்டில் கிருமியைப் பரப்பி, சாற்றில் நனைத்த சின்ன வட்டக் காகிதத்தை அதன்மேல் வைப்பார்கள். மறுநாள் காகிதத்தைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் தெரிந்தால் வெற்றி. (வெறும் எத்தனாலே கிருமியைக் கொல்லுமே! அதைத் தனியாக வைத்து ஒப்பிட்டார்களா என்று பாருங்கள்.)

அடுத்து அளவு. ஒரு சாறு மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால்தான் வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடம்பில் ஓடுவது சுமார் 5 லிட்டர் ரத்தம். அப்படியானால் 25 கிராம் சாறு ரத்தத்தில் கலந்து நிற்க வேண்டும். குடலும் கல்லீரலும் விடாது. நல்ல ஆன்டிபயாட்டிக்குகள் இதில் ஆயிரத்தில் ஒரு பங்கிலேயே வேலையை முடித்துவிடும்.

அதற்காக மூலிகை வேஸ்ட் என்று நான் சொல்லவில்லை. நாம் கேட்கிற கேள்விதான் தப்பு. பெர்பெரிஸ் செடியில் பெர்பெரின் என்ற கிருமிக்கொல்லி உண்டு; நம்ம மரமஞ்சளிலும் இருக்கு. ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி அதை பம்ப் அடித்து வெளியே தள்ளிவிடும். ஆனால் அந்த பம்பை அடைக்கும் இன்னொரு பொருளையும் அதே செடி தயாரிக்கிறது என்று 2000-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். ‘தனியாகக் கொல்லுமா’ என்பதைவிட, ‘பழைய மருந்துக்குத் துணை நிற்குமா’ என்று தேடுவது பலன் தரலாம்.

துணை மருந்துக்கு உதாரணம் பக்கத்திலேயே இருக்கு. இருங்காட்டுக்கோட்டையில் ஆலை வைத்திருக்கும் ஆர்க்கிட் பார்மா சென்னையில் கண்டுபிடித்த என்மெட்டாசோபாக்டம், மூலிகை இல்லை, ரசாயனம். கிருமி மருந்தை உடைக்கப் பயன்படுத்தும் என்சைமைத் தடுத்து, செஃபிபைம் என்ற பழைய ஆன்டிபயாட்டிக்கை மறுபடி வேலை செய்ய வைக்கிறது. ஆயிரத்துக்கும் அதிகமான நோயாளிகளிடம் சோதித்த பிறகே, 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் எஃப்டிஏ அனுமதி தந்தது. நம் மூலிகை ஆய்வுகளில் பெரும்பாலானவை தட்டோடு நின்றுபோகின்றன. பட்டமும் பேப்பரும் கிடைத்ததும் சாறு ஃபிரிட்ஜுக்குப் போய்விடுகிறது. இதை மாற்றாமல் ‘நம்ம மூலிகை’ என்று பெருமை பேசி என்ன பயன்?

லைனை விட்டு எழ முடியாமல் சிறுநீரை அடக்கி அடக்கி, தொற்றோடு ஹாஸ்டலில் படுத்திருக்கும் பெண்ணுக்கு இது வெறும் அறிவியல் சங்கதி இல்லை. கஷாயத்தை நம்பி ஒரு வாரம் தள்ளினால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறலாம். மெடிக்கலில் கேட்டு வாங்கிய நாலு மாத்திரையும் அதே அளவு ஆபத்து. டாக்டரிடம் போய், மருந்து தொடங்கும் முன்பே யூரின் கல்ச்சர் பார்க்கலாமா என்று கேளுங்கள். ரிசல்ட் வர இரண்டு, மூன்று நாள் ஆகும். அங்கேயும் பல லேப்களில் அதே தட்டு, அதே வளையம்தான். ஆனால் அதில் வளர்வது உங்கள் கிருமி, வைப்பது டாக்டர் எழுதக்கூடிய மருந்து.