கருவி கொடுத்தால் மட்டும் போதாது

செவிப்புலன் குறைந்தோருக்குக் கருவி வழங்கிப் படமெடுப்பதோடு அரசின் கடமை தீர்ந்துவிடாது என்பதை மார்ச் 3, உலக செவிப்புலன் தினமான இன்று சொல்லியாகவேண்டும். கேட்கும் கருவியின் பற்றரி பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரமே தாங்கும். வளரும் பிள்ளைக்கு, கருவியைக் காதில் பொருத்தும் காது அச்சை அடிக்கடி மாற்றவேண்டும். நெடுந்தீவுத் தாய் அதற்காகக் குறிகட்டுவானுக்குப் படகேறி, அங்கிருந்து பஸ் பிடித்து யாழ்ப்பாணம் வரவேண்டும். இரண்டுமுறை வருவாள், மூன்றாம்முறை கருவி அலுமாரிக்குள் போய்விடும். பிறந்து ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது உலகம் ஏற்ற கணக்கு. நாமோ, 'தகப்பனும் பிந்தித்தான் பேசினவர்' என்று ஆறுதல் சொல்லியே அந்தப் பொன்னான மாதங்களைத் தொலைக்கிறோம். கைதடியில் நவீல்ட் பாடசாலை அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சைகையாலும் பொறுமையாலும் செவிப்புலன் குறைந்த பிள்ளைகளை வளர்த்தெடுத்து வருகிறது. வடக்கு மாகாண சபைக் கட்டடமும் அதே கைதடியில்தான் நிற்கிறது. அந்தச் சிறு தூரத்தை நிர்வாகம் நடந்து கடக்கட்டும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. ஆகவே இது தர்மம் அல்ல, கடப்பாடு. பிரசவம் நடக்கும் ஒவ்வொரு வைத்தியசாலையிலும் செவிப்புலன் பரிசோதனை கட்டாயமாகவேண்டும். பற்றரியும் காது அச்சும் பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளிலேயே கிடைக்கவேண்டும். பிரதேச செயலகங்களிலும் பொலிஸ் நிலையங்களிலும் தமிழ்ச் சைகைமொழி தெரிந்தவர் இருக்கவேண்டும். அடுத்த மாகாண வரவுசெலவுத் திட்டத்திலேயே இவற்றுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும்.