வருமுன் காப்பதும் வருமுன் பெயரிடுவதும்

உளப்பிறழ்வு என்பது, இல்லாத குரல் காதில் விழுவதும் ஆதாரமற்ற ஐயங்கள் அசைக்க முடியாத நம்பிக்கைகளாக இறுகுவதுமாக, மனிதர் நடப்புலகின் மீதான பிடியை இழக்கும் நிலையாகும். அந்நிலை முற்றுவதற்கு முன்னரே அதன் மெல்லிய அறிகுறிகளை இனங்கண்டு தனியொரு நோயாகப் பதிவு செய்தால் இளைஞர் பலரைக் காப்பாற்றலாம் என்ற கருத்து, 1990களின் நடுப்பகுதியில் மெல்போர்னில் பேட்ரிக் மெக்கோரியும் அவருடைய சகாக்களும் தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்து, இன்று உளமருத்துவ உலகில் பெரும் செல்வாக்குப் பெற்றிருக்கிறது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு இந்நிலையை முதன்மைப் பட்டியலில் ஏற்காமல், மேலும் ஆராயப்பட வேண்டியவற்றுக்கான பகுதியில் நிறுத்தியதை வெறும் தயக்கம் என்று ஆதரவாளர்கள் குறை கூறுவதுண்டு. ஆனால் அத்தயக்கத்துக்குத் தக்க காரணங்கள் இருந்தன.

இவ்வறிகுறிகள் நோயின் முன்னோடிகள் என்பது அவர்களுடைய முதல் வாதம். யாரோ பெயர் சொல்லி அழைப்பது போலவும், எதிரே அமர்ந்திருப்போர் தன்னைப் பற்றியே பேசுவது போலவும் ஒருவருக்குத் தோன்றி, 'வெறும் பிரமையாக இருக்குமோ' என்று அவரே ஐயுறுமளவுக்குத் தெளிவும் எஞ்சியிருந்து, கடந்த ஒரு மாதமாக வாரம் ஒருமுறையேனும் இது நேர்ந்து, ஓராண்டுக்குள் தொடங்கியதாகவோ தீவிரமானதாகவோ இருந்து, மருத்துவ உதவி தேவைப்படும் அளவுக்கு வருத்துமானால் கையேட்டின் வரையறை நிறைவேறிவிடும். இத்தகையோரைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து பாவ்லோ ஃபுசார்-போலியின் குழு 2012இல் வெளியிட்ட கணக்கின்படி, மூன்றாண்டுகளுக்குள் உளப்பிறழ்வுக்கு உள்ளானோர் 36 விழுக்காட்டினரே. ஏறத்தாழ மூன்றில் இருவருக்கு அஞ்சியது நிகழவில்லை. அந்த 36 விழுக்காடும் பல படிகளில் வடிகட்டப்பட்டுச் சிறப்பு மருத்துவமனைகளுக்கு வந்து சேர்ந்தோரிடையே கிடைத்த எண்ணாகும். நோய்ப்பெயர் கையேட்டில் ஏறிவிட்டால் அது அம்மருத்துவமனைகளுக்குள் அடங்கி நிற்காது. ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கே நோய் வரவிருக்கும் பொதுச் சமூகத்தில், பத்துக்கு ஒன்பது முறை சரியாகச் சொல்லும் சோதனையைக்கூடப் பயன்படுத்தினால், உண்மையான ஒன்பது பேரோடு நோய் வராத 99 பேரும் பிடிபடுவர் என்பது எளிய கணக்கு.

இரத்தக்கொதிப்பைக் கண்டு மாரடைப்பைத் தடுப்பதற்கு இதனை ஒப்பிடுவோர், இரத்தக்கொதிப்பை அளக்கக் கருவி இருப்பதையும், இங்கே அளப்பது நேர்காணல் நடத்துபவரின் மதிப்பீடே என்பதையும் மறந்துவிடுகின்றனர்.

முன்கூட்டிய சிகிச்சை நோயைத் தடுக்கும் என்னும் இரண்டாம் வாதமே கூடுதல் கவனத்துக்குரியது. மெக்கோரியின் குழு 2002இல் 59 பேரைக் கொண்டு வெளியிட்ட ஆய்வில், ரிஸ்பெரிடோன் மருந்தும் அறிவாற்றல் சிகிச்சையும் பெற்றோர் ஆறு மாத முடிவில் மேலான நிலையில் இருந்தனர். சிகிச்சை நின்று மேலும் ஆறு மாதங்கள் சென்றபின் அவ்வேறுபாடு புள்ளியியல் முறையில் உறுதிப்படவில்லை. 60 பேருக்கு ஒலன்சபின் மருந்தையோ மருந்தற்ற போலி மாத்திரையையோ கொடுத்து, தாமஸ் மெக்கிளாஷனின் குழு 2006இல் வெளியிட்ட ஆய்விலும் தடுப்பு விளைவு உறுதிப்படவில்லை. உறுதிப்பட்டதோ, மருந்து உண்டோரின் எடை ஓராண்டில் சராசரியாக ஏறத்தாழ 9 கிலோ கூடியது. மருந்தைவிடத் தீங்கற்றது என்று நம்பப்பட்ட மீன் எண்ணெய், 2010இல் வியன்னாவில் 81 பேரிடம் வியக்கத்தக்க பலன் தந்ததாக அறிவிக்கப்பட்டு, 2017இல் 304 பேரைக் கொண்ட பன்னாட்டு ஆய்வில் போலி மாத்திரையை விஞ்சவில்லை. சிறிய ஆய்வுகளில் ஒளிர்ந்து பெரிய ஆய்வில் மங்கும் இப்போக்கு மருத்துவத்தில் புதிதன்று. ஆயினும் அதன்மேல் நோய்ப்பெயர் ஒன்றைக் கட்டியெழுப்புவது துணிச்சலான செயலே.

நார்வேயின் ரோகலாந்து பகுதியில் கிடைத்த வெற்றியை இக்கொள்கைக்குச் சான்றாகக் காட்டுவோரும் உண்டு. செய்தித்தாள் விளம்பரங்கள், பள்ளிகளில் விழிப்புணர்வு, எளிதில் அணுகத்தக்க மருத்துவக் குழு ஆகியவற்றின் துணையால், நோய் தொடங்கியதற்கும் சிகிச்சை தொடங்கியதற்கும் இடைப்பட்ட காலத்தின் இடைநிலை அளவு அங்கே 5 வாரமாக இருந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்த பகுதிகளில் அது 16 வாரமாக இருந்தது. பாராட்டத்தக்க பணிதான். எனினும் அங்கே குறைக்கப்பட்டது ஏற்கனவே தொடங்கிவிட்ட உளப்பிறழ்வுக்குச் சிகிச்சை கிடைப்பதில் நேரும் தாமதமேயன்றி, தொடங்காத நோயை முன்னுரைத்ததன்று. ஒன்றுக்குரிய சான்றை மற்றொன்றின் கணக்கில் வரவு வைப்பதே இவ்விவாதத்தின் அடிப்படைப் பிழை.

பெயர் இல்லையேல் உதவி கிட்டாது, காப்பீடு பணம் தராது என்ற இறுதி வாதம் மனிதநேயம் மிக்கது. இவ்விளைஞர்களின் துன்பம் உண்மையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் இம்மருத்துவமனைகளுக்கு வருவோரில் பெரும்பாலோர்க்கு மனச்சோர்வோ பதற்றக் கோளாறோ ஏற்கனவே கண்டறியத்தக்க நிலையில் இருப்பதை ஃபுசார்-போலியின் மற்றோர் ஆய்வே காட்டியிருப்பதால், அவற்றுக்குரிய பெயர்களின் கீழேயே, எதிர்காலம் பற்றிய அச்சத்தை ஏற்றாமல், அவர்களுக்கு இன்றே சிகிச்சை அளிக்க இயலும்.