வடம் தரும் எச்சரிக்கை

திருகோணமலைக் கடற்கரையில் மாடிக் கட்டடமொன்று திருத்தப்படுகிறது எனக் கொள்வோம். உடைத்த கல்லும் சாந்தும் மேல்மாடியிலிருந்து நீண்ட குழாய் வழியே கீழே கொட்டப்படுகின்றன. வீதியிற் செல்லும் நாம் புழுதிக்கு அஞ்சி மூக்கைப் பொத்துகிறோமேயன்றி, அக்குழாயைத் தாங்கும் உருக்கு வடத்தை ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

உருக்கு வடத்தை 1834ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களுக்கென ஆக்கியவர் வில்ஹெல்ம் ஆல்பர்ட். சங்கிலியில் ஒரு கண்ணி தெறித்தால் சுமை முழுவதும் வீழும். பல இழைகளை முறுக்கிய வடத்திலோ, ஓர் இழை அறுந்தாலும் ஏனையவை தாங்கும். அறுந்த இழை நமக்கு விடுக்கும் எச்சரிக்கை அது.

ஆயின், அதனைக் காண்பவர் வேண்டுமே! உப்புக்காற்று வீசும் நம் நகரில் துரு வடத்தினுள்ளும் புகும். ஆகையால், நாள்தோறும் வேலை தொடங்குமுன் அறுந்த இழை, துரு, நெளிவு, மெலிவு ஆகியவற்றை ஆராய்தல் வேண்டும். வெறுங்கையால் தடவலாகாது. கிளிப்புகளின் வளைகம்பி, சுமை தாங்கும் பகுதியின்மேல் அன்றி, மடித்த நுனியின்மேல் அமைதல் வேண்டும். 1,000 கிலோவில் அறும் வடத்தில் 200 கிலோவுக்குமேல் ஏற்றாதிருத்தல் பொது வழக்கு. குழாய் அடைபட்டால் இடிபாடு உள்ளே குவிந்து பாரம் பன்மடங்காகும். கொட்டுவதை உடனே நிறுத்துதல் வேண்டும்.

பாரந்தூக்கும் வடங்களைத் தகுதியுடையவர் காலந்தோறும் பரிசோதித்தல் வேண்டுமென இலங்கையில் 1942ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. குழாயின் கீழ் நின்று உழைப்பவர் ஒரு குடும்பத்தின் தலைவர். அவ்வழியே பள்ளி செல்வோர் நம் பிள்ளைகள். ஐந்து நிமிடச் சோதனையை வீண்செலவென்று எண்ணலாமா?