முதலில் தண்டால், அப்புறம் குண்டு!

சென்னையில் தெருவுக்குத் தெரு 'ஜிம்' வந்துவிட்டது. வாலிபர்களுக்கு இப்போது கெட்டில்பெல் மோகம். வேறொன்றுமில்லை, பிடி வைத்த இரும்புக் குண்டு! ஒரு காலத்தில் ரஷ்யாவில் தானியம் நிறுத்த எடைக்கல். அங்கே ஒரு 'பூட்' என்றால் 16 கிலோ சொச்சம். அந்தக் கணக்கில் வந்தவைதான் 16, 24, 32 கிலோ குண்டுகள்.

சேர்ந்து மூணு நாள் ஆகாத தம்பி, 16 கிலோவை ஒத்தைக் கையால் தலைக்கு மேல் தள்ளுகிறார். மணிக்கட்டு பின்னால் மடிகிறது. இடுப்பு வில்லாய் வளைகிறது. மாஸ்டரோ செல்போனில்! தோள்பட்டை போனால் யார் பொறுப்பு?

டம்பெல் மாதிரி இல்லை இது. கனம் உள்ளங்கையில் நிற்காது. முன்கையின் பின்பக்கம் சாய்ந்து இழுக்கும். மணிக்கட்டு நேராக நிற்கப் பழக வேண்டும். முதலில் தரையில் மல்லாந்து படுத்துத் தள்ளட்டுமே! முழங்கை தரையில் முட்டி நின்றுவிடும். தோள் தப்பும்.

ஒழுங்காக 20 தண்டால் எடுக்காதவர் கையில் 16 கிலோவைக் கொடுப்பது அநியாயம். 'முதல் மாதம் 8 கிலோதான்' என்று சுவரில் எழுதிப்போட என்ன தயக்கம்? சந்தாவை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதத் தெரிகிறதே!