தோற்ற பிள்ளைக்கு ஒரு கதை

ஞாயிறு காலையில் நீலசந்திரா கடைவீதியில் நின்றால், சுருட்டிய செஸ் விரிப்பும் கையுமாக அப்பாவின் ஸ்கூட்டரில் போகும் பிள்ளைகளைப் பார்க்கலாம். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று, 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன் ஆன பிறகு இந்தக் கூட்டம் அதிகம். 1961இல் மானுவேல் ஆரோன் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர். 1988இல் ஆனந்த் முதல் கிராண்ட்மாஸ்டர். இன்று தமிழ்நாட்டில் மட்டும் 30-க்கு மேல். பெருமைதான், மறுக்கவில்லை.

சென்ற மாதம் பேத்தி ஒரு ஜப்பானியப் படக்கதையைக் கொடுத்தாள். 'மார்ச் கம்ஸ் இன் லைக் எ லயன்' என்று ஆங்கிலத்தில் பெயர். சிகா உமினோ என்ற பெண்மணி 2007 முதல் எழுதி வரைந்தது. பொம்மைப் புத்தகம் என்று அலட்சியமாகத்தான் எடுத்தேன்.

ஷோகி அவர்களுடைய சதுரங்கம். 81 கட்டம், 40 காய். வெட்டிய காயை நம் படையில் சேர்த்துத் திரும்ப இறக்கலாம். தோற்றவர் தலைகுனிந்து, தோற்றேன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். பிறகு இருவருமாக அதே ஆட்டத்தைத் திரும்ப வைத்து, எங்கே தவறினோம் என்று பேசுகிறார்கள்.

கதாநாயகன் ரெய், விபத்தில் பெற்றோரையும் தங்கையையும் இழந்தவன். தந்தையின் நண்பரான ஓர் ஆட்டக்காரர் வளர்க்கிறார். வந்த பிள்ளை வீட்டுப் பிள்ளைகளை ஜெயிக்க ஜெயிக்க, அந்த வீடு உடைகிறது. ரெய்யை வெல்ல முடியாத சொந்த மகளை ஆட்டத்தையே விடச் சொல்லிவிடுகிறார் தகப்பன். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மறுநாள்தான் தொடர முடிந்தது. ரெய்யை மனிதனாக்குவது எதிர்க்கரையில் இருக்கும் மூன்று சகோதரிகள் போடும் சோறு. இந்தக் கதைக்கு ஆட்ட ஆலோசகரான மனாபு சென்சாகி நிஜமான ஷோகி வீரர். 2017இல் மனச்சோர்வு நோயால் போட்டிகளிலிருந்து ஒதுங்கி, குணமாகி, அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார்.

அங்கே பயிற்சி நிலையில் இருப்பவர் பொதுவாக 26 வயதுக்குள் நான்காம் தான் நிலையை எட்டாவிட்டால் வெளியேற வேண்டும். கொடுமையான விதி என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அங்கே கணக்கு முடியும் நாளாவது தெரிகிறது. நமக்கு அதுவும் இல்லை. எங்கள் அடுத்த தெருவில் ஒரு குடும்பம், ஓசூர்ப் பக்கம் வாங்கிப் போட்ட மனையை விற்று மகனை ஊர் ஊராகப் போட்டிக்கு அனுப்பியது. பதினேழு வயது. ரேட்டிங் இரண்டு வருடமாக நகரவில்லை. கிராண்ட்மாஸ்டருக்கு 2500 புள்ளியும் மூன்று நார்மும் வேண்டும். பையன் வீட்டில் யாருடனும் பேசுவதில்லை.

குகேஷின் தந்தை மருத்துவத் தொழிலை நிறுத்திவிட்டு மகனுடன் போனார் என்று பெருமையாகச் சொல்கிறோம். அதே மாதிரி விட்டுக்கொடுத்து, கோப்பை வராத தகப்பன்மார் எத்தனை பேர்? அவர்களை யார் எழுதினார்கள்? மலைப்பாதையில் பிரேக் பிடிக்காத வண்டியை ஏந்திக்கொள்ள ரயில்வேயில் 'கேட்ச் சைடிங்' என்று தனித் தண்டவாளமே போட்டு வைப்போம். விபத்து வரும் என்று ஆசைப்பட்டா போடுகிறோம்? நம் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு பாதை போடாமலே வண்டியை விட்டுவிட்டோம் என்பதுதான் என் குறை. செஸ் விளையாடும் இத்தனை வீடுகள் இருந்தும், தோற்ற பிள்ளை எடுத்துப் படிக்க ஒரு நல்ல தமிழ்க் கதை என் கண்ணில் படவில்லை. எழுதத் தெரிந்தவர்கள் நம் வாசகர்களிலேயே இருக்கிறார்கள்.

அடுத்த ஆண்டுவிழாப் போட்டியில் ஒரு சிறு மாற்றம் செய்யலாம். ஆட்டம் முடிந்ததும் இரு பிள்ளைகளும் கால் மணி நேரம் உட்கார்ந்து அதையே திரும்ப ஆடிப் பார்க்கட்டும்; பெற்றோர் வெளியே காபி குடிக்கட்டும். இதைக் கூட இருந்து நடத்தித் தர முடியுமா என்று அந்த அடுத்த தெருப் பையனைக் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் சொல்லவில்லை. படக்கதையின் முதல் பாகத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.